கல்லில் வாழும் பெங்களூர் – 9: சாஸனங்களைக் கேள்வி கேட்கும் முறை

டொம்லூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலில் 1270ஆம் ஆண்டில் அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்களை அளித்ததை ஒரு தமிழ்ச் சாஸனமும், போசள வீர ராமநாதனின் கட்டளையை வேறொரு சாஸனமும், வீடும் கிணறும் நிலமும் சொக்கப்பெருமாளுக்கு உரியனவானதை விஜயநகரத்து இரண்டாம் தேவராயன் காலத்துச் சாஸனம் மற்றொன்றும் சொல்வதைச் சென்ற வாரம் கண்டோம். இக்கோயிலை விட்டு வெளியே வந்து, பெங்களூரைச் சுற்றியுள்ள தமிழ்ச் சாஸனங்களில் ஏரி வெட்டியதைக் கூறுவன எவை, அவற்றுள் 1300க்கு முற்பட்டவை எவை என்று ஒருவர் கேட்டால், அவருக்கு விடை சொல்லும் வழி யாது?

பெங்களூரிலேயே 1837இல் பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் என்ற பெருமகனார், தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டுத் தொகுத்த ‘எபிகிராபியா கர்னாடிகா’ வரிசையில், இம்மாவட்டத்துச் சாஸனங்கள் அடங்கிய ஒன்பதாம் தொகுதி 1905இல் வெளிவந்தது. அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆயினும் தாலுகா தாலுகாவாக, எண் இட்டு அடுக்கப்பட்ட அந்நூலில் ஊரை அறிந்தவன் சாஸனத்தைக் காணலாமேயன்றி, பொருளை மட்டும் அறிந்தவன் பக்கம் பக்கமாகப் புரட்டியே தீரவேண்டும். ராஜேந்திர சோழன் காலத்தில், 1043இல், ராஜராஜ வேளான் என்ற தலைவன் பட்டந்தூர் ஏரியை அமைத்த செய்தியைக் கூறும் காடுகோடிச் சாஸனமும், டொம்லூர்ச் சாஸனங்களும் ஒரே கேள்விக்கு ஒருங்கே வந்து நிற்க வேண்டுமானால் வேறொரு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டுக்கு இணைப்புத் தரவு என்று பெயர். வையவிரிவு வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் வகுத்துரைத்த நெறி இது. இதில் ஒவ்வொரு செய்தியும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற மூன்று உறுப்புள்ள சிறு வாக்கியமாகவே எழுதப்படும்: இச்சாஸனம் இன்ன ஊரில் உள்ளது; இன்ன மொழியில் அமைந்தது; இன்ன அரசன் காலத்தது. ஊர், அரசன், சாஸனம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மாறாத முகவரி ஒன்று தரப்படுவதால், தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் கல்லில் வழங்கும் இடமும் இன்றைய டொம்லூரும் ஒரே முகவரியில் வந்து சேர்ந்துவிடுகின்றன. வீர ராமநாதனின் முகவரியைப் பிடித்துக்கொண்டால், பெங்களூரின் எல்லையைக் கடந்து, அவன் ஆண்ட தமிழ்நாட்டுக் கண்ணனூர் வரையிலும் போகலாம்.

இவ்வாறு கோத்த செய்திகளைக் கேள்வி கேட்பதற்கென்றே ஸ்பார்க்கிள் என்ற மொழி 2008இல் தரநிலையாயிற்று. 2013இல் அது விரிவுபெற்றபோது, கேட்பதற்கான வாக்கியங்கள் வேறு, எழுதவும் அழிக்கவும் உரிய வாக்கியங்கள் வேறு என்று தனித்தனியே வகுக்கப்பட்டன. அதனாலேயே ஒரு ஸ்தாபனம், கேட்கும் கதவை மட்டும் உலகத்தாருக்குத் திறந்து வைத்து, மாற்றும் கதவைத் தன் அறிஞர்களிடமே வைத்துக்கொள்ள முடிகிறது. 2012இல் தோன்றிய விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத் தொகுப்பில் எவரும் செய்தி சேர்க்கலாம். ஆனால் 2015 முதல் அதற்கு வாய்த்திருக்கும் வினவல் சேவையில் எவரும் எதையும் மாற்ற இயலாது. மூலத்தை விட்டுப் பிரித்து வைத்த ஒரு படியிடமே அங்கே கேள்வி கேட்கிறோம். அறுபது விநாடிக்குள் விடை கிட்டாத கேள்வி நிறுத்தப்படும். ஒருவருடைய பெருங்கேள்வியால் மற்றவர் காத்திருக்க நேரக்கூடாதல்லவா?

கேட்கலாம், மாற்றலாகாது என்ற இக்கட்டுப்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன். தர்மத்தை அழிப்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று தம் சாஸனங்களின் முடிவில் எழுதிவைத்த நம் முன்னோர்களுக்கும் இதே கவலைதான் இருந்தது. தவறான விசையைத் தட்டிவிட்டால் ஏதேனும் கெட்டுவிடுமோ என்ற அச்சமின்றி ஒரு பள்ளி மாணவனும் இங்கே கேட்டுப் பார்க்கலாம். அவன் கேட்ட அதே வாக்கியத்தை இன்னொருவர் தாமும் கேட்டு, அவன் சொல்லும் முடிவைச் சோதிக்கலாம்.

ஆனால் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். கேள்விக்கு விடை வராவிட்டால், அத்தகைய சாஸனமே இல்லை என்று கொள்வது பெரும் பிழை. அதை இதுவரை எவரும் எழுதிச் சேர்க்கவில்லை என்பதே பொருள். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் நிறைய எழுதப்பட்டு, தமிழ்ச் சாஸனங்களின் வாசகம் சேராமலே இருந்துவிட்டால், பெங்களூரில் தமிழ் எழுத்தே இல்லை என்று அக்கருவியைக் காட்டிச் சாதிப்பவர்களும் நாளை தோன்றக்கூடும்.

1909இல் நிறுவப்பட்டு, இன்று நிருபதுங்க சாலையில் இயங்கும் மிதிக் சொசைட்டி, 2021 முதல் பெங்களூர்ப் பகுதிச் சாஸனங்களை முப்பரிமாண முறையில் பதிவு செய்துவருகிறது. ரைஸ் கண்ட கற்களுள் பல, சாலைக்கும் கட்டடத்துக்கும் இரையாகிப் போன இந்நகரத்தில் இதைவிட அவசரமான பணி வேறில்லை. அப்பதிவுகளோடு ஒவ்வொரு சாஸனத்தின் வாசகமும், அதைப் படித்தவர் யார், எந்த ஆண்டில் படித்தார் என்பதும் மூவுறுப்பு வாக்கியங்களாகச் சேரவேண்டும் என்பதே என் வேண்டுகோள். தேய்ந்த ஓர் எழுத்தை ரைஸ் ஒருவிதமாகவும் இன்றைய அறிஞர் வேறுவிதமாகவும் படித்திருந்தால், முன்னதை அழித்துப் பின்னதை எழுதாமல், இரண்டையும் அவரவர் பெயரோடு நிறுத்திவைக்க இம்முறையில் இடமுண்டு.