நரம்பிசைக்குத் திரும்பிய மூவர்

இசைக்குழு ஒன்றில் புதிய கருவி புகும்போது, பழைய கருவி தன் இடத்தைச் சிறிது இழக்கவே நேரும். கனடா நாட்டு ‘ரஷ்’ குழுவின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

டொராண்டோவில் 1968இல் தோன்றிய இக்குழுவிற்கு 1974இல் நிலைத்த வடிவம் அமைந்தது. கெடி லீ பாடிக்கொண்டே பாஸ் கிட்டார் வாசிப்பார். அலெக்ஸ் லைஃப்சன் கிட்டார்க் கலைஞர். நீல் பியர்ட் டிரம்ஸ் கலைஞர், பாடலாசிரியரும் அவரே. ‘புரோகிரசிவ் ராக்’ எனும் நெடும்பாடல் வகையில் இவர்கள் பெயர் பெற்றனர். 1976இல் வெளிவந்த ‘2112’ தொகுப்பின் தலைப்புப் பாடல் ஏறத்தாழ 20 நிமிடம் நீள்வது.

1982இல் வந்த ‘சிக்னல்ஸ்’ தொகுப்பில் சிந்தசைசர் முன்னே நின்றது, கிட்டார் ஒதுங்கியது. காரணம் யாது? மின்கிட்டாரில் எஃகுக் கம்பியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்னலையாக்குகின்றன. மீட்டிய ஒலி மெல்லத் தேயும். சிந்தசைசரோ மின்சுற்றிலேயே ஒலியைப் பிறப்பிப்பது. விரலை எடுக்கும்வரை அவ்வொலி நிற்கும். இரண்டும் பெரும்பாலும் நடுத்தர அதிர்வெண்களிலேயே ஒலிப்பதால், நிற்கும் ஒலி தேயும் ஒலியை மறைத்துவிடுகிறது.

1989இல் ‘பிரெஸ்டோ’ தொகுப்பில் திருப்பம் தொடங்கிற்று. 1993இல் ‘கவுண்டர்பார்ட்ஸ்’ கிட்டாரை மீண்டும் தலைமையில் அமர்த்தியது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடமும் பெற்றது.

பின்னர்ப் பேரிடி விழுந்தது. 1997இல் மகளையும் 1998இல் மனைவியையும் பியர்ட் இழந்தார். குழு முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆயினும் 2002இல் ‘வேப்பர் டிரெய்ல்ஸ்’ தொகுப்புடன் மூவரும் திரும்பினர். அதில் சிந்தசைசர் அறவே இல்லை. அது நிரப்பிய வெளியைப் பல அடுக்குகளாகப் பதிவு செய்த கிட்டார் ஒலியும் குரலும் நிரப்பின.

ஆனால் குறையொன்றும் நேர்ந்தது. ஒலியளவை மிகையாக உயர்த்தியதால் அலைகளின் முகடுகள் வெட்டுண்டு, ஓசை கரகரத்தது. 2013இல் தொகுப்பு முழுவதும் மீண்டும் ஒலிக்கலவை செய்யப்பட்டு வெளிவந்தது.

பியர்ட் 2020இல் மறைந்தார். இம்மூவரின் முயற்சி உணர்த்துவது யாதெனின், பழைய கருவியை மீண்டும் கையிலெடுப்பது மட்டும் போதாது. ஒவ்வோர் ஒலிக்கும் உரிய இடம் விடுதலும் வேண்டும் என்பதே.