சீறும் கார், கலங்கும் மனசு

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலை கைக்கெட்டும் தூரத்துக்கு இறங்கிவிட்டது. எஞ்சின் பழுதின் செலவு மட்டும் இறங்கவில்லை. திருவனந்தபுரத்தில் வாங்குபவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

திருவனந்தபுரத்தின் மிகப் பிரபலமான பழைய கார், பட்டம் அரண்மனையில் நின்ற 1950களின் மெர்சிடிஸ் பென்ஸ் 180. பதிவு எண் கேன் 42. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 2013-ல் காலமாகும் வரை அதைக் கைவிடவில்லை. அது பல லட்சம் மைல் ஓடியதாகவும், பதிலுக்குப் புதிய கார் தர கம்பெனியே முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டதாகவும் பத்திரிகைகள் எழுதின. அது அவசரமில்லாத எஞ்சின். வாங்கிய நாள் முதல் ஒரே குடும்பத்தின் பராமரிப்பில் இருந்தது. அதன் ஜாதகம் முழுவதும் வீட்டுக்குத் தெரியும்.

இன்று செகண்ட்ஹேண்ட் போர்ஷேவோ ஆடி டிடியோ வாங்க நினைக்கும் டெக்னோபார்க் இளைஞருக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. எஞ்சின் விரட்டி ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. அதை இதுவரை விரட்டியவர் யார், ஆயிலை எப்போது மாற்றினார் என்பதும் தெரியாது. பத்து வருடத்தில் இப்படிப்பட்ட கார் பாதிக்கு மேல் மதிப்பை இழந்துவிடுகிறது. ஆனால் இறங்குவது காரின் விலைதான். உதிரிபாகங்களின் விலை அல்ல. எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவு, கார் வாங்கிய தொகையையே எட்டிப்பிடித்துவிடலாம். கடன் வாங்கி கார் எடுத்தவர், ஓடாத காருக்கு மாதத் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

பெரிய பெயர் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு போர்ஷேவே நல்ல மறுப்பு. 1990களின் இறுதியிலிருந்து 2008 வரை பாக்ஸ்டர், 911 மாடல்கள் பலவற்றில் இருந்த எஞ்சினில், கேம்ஷாஃப்ட்டை இயக்கும் இடைத் தண்டைத் தாங்க ஒரு பேரிங் உண்டு. கைக்குள் அடங்கும் அந்தப் பொருள் உடைந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே நாசம். 2001-க்கும் 2005-க்கும் இடையே தயாரான கார்கள் தொடர்பாக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது. எல்லா எஞ்சினிலும் அது உடையவில்லை. பெரும்பாலானவை நன்றாகவே ஓடின. 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் அந்த பேரிங்கே இல்லை. ஆக, ஒரே உருவம் கொண்ட இரண்டு கார்களில் ஒன்று கவலையோடும் மற்றொன்று அது இல்லாமலும் வருகிறது. வித்தியாசம் தயாரிப்பு ஆண்டில்தான்.

ஆடியும் ஃபோக்ஸ்வேகனும் பகிர்ந்துகொண்ட டர்போ பெட்ரோல் எஞ்சின்களிலும் இதே கதை. 2008-க்குப் பிந்தைய சில வருட மாடல்களில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பழுதானது. சிலவற்றில் பிஸ்டன் ரிங் குறையால் எஞ்சின் ஆயிலைக் குடித்தது. பின்னர் வந்த பாகங்கள் திருத்தப்பட்டவை. முந்தைய சொந்தக்காரர் அவற்றை மாற்றினாரா என்பதே கேள்வி.

ஈரமும் வெள்ளமும்

கேரளத்துச் சூழல் கவலையைக் கூட்டுகிறது. கவடியாரிலிருந்து பாளையம் வரை போய்த் திரும்பும் சின்ன ஓட்டத்தில் ஆயில் முழுசாகச் சூடேறுவதில்லை. அதில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் உறை போட்டு நிறுத்திய காருக்கும் ஆபத்து உண்டு. மீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்று சந்தோஷப்படுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அதைவிட மோசம் வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கழித்துவிட்ட கார்கள் பல ஏலத்துக்குப் போய், துடைத்து மெருகேறி மறுபடி சந்தைக்கு வந்தன. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் எஞ்சின் சுழன்றால் கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்த ராடு மாதக்கணக்கில் ஓடிவிட்டு ஒரு நாள் முறியும். அப்போது விற்றவர் ஃபோனை எடுக்கப்போவதில்லை.

புதுக் கவலை எத்தனால். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-லிருந்து படிப்படியாக நாடெங்கும் பரவியது. பழைய வாகனங்களில் மைலேஜ் சற்றுக் குறையலாம், நீண்ட உபயோகத்துக்குப் பின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலியத் துறையே 2025-ல் ஒப்புக்கொண்டது. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் எரிபொருள் குழாய்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

முன்ஜாக்கிரதை

பயத்துக்கு மருந்து பரிசோதனைதான். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகம் கொள்ளலாம். முதல் சில நொடிச் சங்கிலிச் சத்தம், நீலப்புகை இரண்டும் கெட்ட சகுனம். ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளக்க வேண்டும். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உலோகத் துகள்கள் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடும். மெல்லிய கேமராவை ஸ்பார்க் பிளக் துவாரம் வழியே விட்டால் சிலிண்டர் சுவரின் கீறல்கள் தெரியும். சர்வீஸ் ரசீதுகளையும் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் ஒப்பிட்டால் மீட்டரைத் திருப்பிய மோசடி வெளிப்படும். சீட்டுக்கு அடியில் வண்டல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கக் காசே தேவையில்லை.

இதெல்லாம் முடிந்தாலும் உத்தரவாதம் கிடையாது. வாங்கும் விலையில் ஒரு பகுதியைப் பழுதுக்கென்று தனியே ஒதுக்கி வைப்பவர்தான் தைரியமாக ஆக்சிலரேட்டரை மிதிக்க முடியும். நின்றுபோன போர்ஷேவை லாரியில் ஏற்றி, கம்பெனி ஷோரூம் இருக்கும் கொச்சிக்கு 200 கிலோமீட்டர் அனுப்பும் செலவும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். கையிருப்பு முழுவதையும் காரிலேயே போட்டவருக்கு, ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பதே வேலையாகிவிடும்.