செய்தி அடுப்படிக்கு வரலையே!

எங்கள் ஊர், தஞ்சை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சி. 2023 செப்டம்பரில் ஆரம்பித்த ஒரு விஷயத்தை, சகோதரிகளிடம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் இறந்து, அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. எட்டாவது படிக்கும் ஒரே பெண். நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று போய், காலத்தை ஓட்டி வந்தார். விதவை ஓய்வூதியத்துக்கு இரண்டு முறை எழுதிப் போட்டும் கிடைக்கவில்லை. காரணம், ஆதார் கார்டில் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் பிறந்த வீட்டு விலாசம். “விலாசத்தை மாத்திட்டு வாம்மா” என்று திருப்பி அனுப்பி விட்டனர். எதைக் காட்டி மாற்றுவது? வீட்டு வரி, கரன்ட் பில் எல்லாம் மாமனார் பெயரில். புகுந்த வீட்டு ரேஷன் கார்டில் இவர் பெயரைச் சேர்க்கவே இல்லை. ஓட்டும் பிறந்த ஊரிலேயே இருந்தது. பதினைந்து வருஷமாக இந்த ஊரில் குடித்தனம் நடத்தியும், இவர் இங்கே இருக்கிறார் என்று சொல்ல, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது!

அந்த மாதம், எங்கள் தொகுதி எம்.எல்.ஏ., ஏற்பாட்டில், பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம் நடந்தது. ஆதார் திருத்தம், ஓய்வூதிய மனு எல்லாம் ஒரே இடத்தில். அடுத்த ஊர் பெண்கள் பலரும் பயன் பெற்றனர். எங்கள் தெருவில் இருந்து ஒருத்தி கூடப் போகவில்லை. நாலு நாள் கழித்து, நடவுக்குப் போன இடத்தில்தான், அக்காவுக்கு விஷயமே தெரிந்தது.

விசாரித்தால், எம்.எல்.ஏ., அலுவலகத்தில் இருந்து, வாட்ஸ் அப் குழுவில் ஒரு வாரம் முன்பே செய்தி அனுப்பியிருந்தனர். எங்கள் தெருவில் அந்தக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். அக்காவின் கொழுந்தனாரும் அதில் ஒருவர். “பார்த்தேன்... மறந்துட்டேன்” என்றாராம். “செய்தி வீடு வரைக்கும் வந்திருக்கு. அடுப்படிக்கு வரலையே தங்கச்சி...” என்று, அக்கா என்னிடம் சொல்லி அழுதார்.

ஆறுதல் சொல்லிவிட்டு வந்து, என் வீட்டுக்காரரின் போனை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அந்தச் செய்தி இருந்தது! அவர் சொல்லவில்லை, சரி. எம்.எல்.ஏ., ஆபீஸ் சமாசாரம் என்றால் ஆம்பளைங்க விஷயம் என்று, நானும் ஒரு நாள் கூடக் கேட்டதில்லையே! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள், எங்கள் சுய உதவிக் குழுவில் பேசினேன். ஆறு பேர் கிளம்பினோம். அலுவலக வாசலில், கரை வேட்டிக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தனர். பார்த்ததும் எங்களில் இரண்டு பேர், “வா, திரும்பிடலாம்” என்றனர். கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு உள்ளே போனோம். உதவியாளர் கேட்ட முதல் கேள்வி, “யார் அனுப்பிச்சாங்க?” “யாரும் அனுப்பலை சார், நாங்களாத்தான் வந்தோம்” என்றேன். அடுத்த கேள்வி, “ஓட்டு இங்கதானா?” அக்கா தலையைக் குனிந்து கொண்டார். “குடியிருக்கிறது இங்க சார். நீங்க ஒரு கையெழுத்து வாங்கித் தந்தா, ஓட்டும் தானா இங்க வந்துடும்” என்றேன். அவரே சிரித்து விட்டார்.

பிறகு, பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். விலாசத்துக்கு வேறு ஆதாரம் இல்லாதவர்களுக்கு, ஆதார் துறையே ஒரு சான்றிதழ் படிவம் வைத்திருக்கிறது. அதில் போட்டோ ஒட்டி, எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர், ஊராட்சித் தலைவர், தாசில்தார் போன்றோரில் ஒருவர், போட்டோ மேலும் படும்படி கையெழுத்திட்டு, முத்திரை வைத்துத் தரலாம். தேதி போட்டதில் இருந்து, மூன்று மாதத்துக்குள் ஆதார் மையத்தில் கொடுத்துவிட வேண்டும். இதற்கு யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. இரண்டு நாளில் கையெழுத்தாகி வந்தது. இதற்காக, அக்கா நாலு வருஷம் அலைந்திருக்கிறார்!

வந்ததோடு வந்தது என்று, இன்னொரு விஷயத்தையும் கேட்டேன். எங்கள் ஊர் அங்கன்வாடி, ஒரு வாடகை வீட்டில், மழை பெய்தால் பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு ஓடும் நிலையில் இருந்தது. “தொகுதி நிதியில் கட்டலாம்மா. இடம் இருக்கா?” என்றார். அப்போது தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அந்தப் பணத்தை எம்.எல்.ஏ., கையில் தருவதாகவே நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். வேலையை அவர் பரிந்துரைக்க, கலெக்டர் அனுமதி தர, இன்ஜினியர் மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டுத்தான் கட்டுவார்கள். தனியார் இடத்தில் கட்ட முடியாது. அரசு இடமோ, ஊராட்சி இடமோ வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கருவேலம் மண்டிக் கிடந்த புறம்போக்கு நினைவுக்கு வந்தது. அக்டோபர் 2ம் தேதி கிராம சபையில், முப்பது பெண்கள் போய் உட்கார்ந்து தீர்மானம் போட வைத்தோம். அதன் நகலோடு மனு கொடுத்து, ஒன்றிய அலுவலகத்துக்கும், எம்.எல்.ஏ., அலுவலகத்துக்கும் எத்தனை நடை நடந்தோமோ, கணக்கே இல்லை. 2025 ஜூனில்தான் கட்டடம் திறந்தார்கள்.

அக்காவுக்கு விலாசம் மாறியதும், இ-சேவை மையம் மூலம் மறுபடி மனு போட்டோம். நாலு மாதத்தில் ஓய்வூதியம் வந்தது. 2023 ஆகஸ்டில்தான், அதை 1,200 ரூபாயாக உயர்த்தியிருந்தனர். கூடவே வாக்காளர் பட்டியலிலும் பெயரைச் சேர்த்தோம். 2024 ஏப்ரல் 19ல், எங்கள் ஊர் பூத்தில் முதல் முறையாக ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலை என்னிடம் காட்டிச் சிரித்தார் பாருங்கள்... அந்தச் சிரிப்புக்காக, இன்னும் நூறு நடை நடக்கலாம்!

இத்தனைக்கும் நடுவில், நாங்கள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது ஒன்று உண்டு. “முகாம், அறிவிப்பு எதுவானாலும், போனில் அனுப்புவதோடு நிறுத்தாதீங்க. பேப்பரில் எழுதி, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்க. எங்க குழுத் தலைவிங்க நம்பரையும் சேர்த்துக்கோங்க” என்றோம். உதவியாளரும் சம்மதித்தார். அதன் பின், ஒரு முகாம் கூட எங்கள் தெருப் பெண்களுக்குத் தெரியாமல் நடந்ததில்லை.

சகோதரிகளே, 2021ல் தேர்ந்தெடுக்கப்பட்ட 234 எம்.எல்.ஏ.,க்களில் பெண்கள் 12 பேர்தான். ஆனால், அந்தத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில், ஆண்களை விட நாம்தான் அதிகம். அந்த அலுவலகத்துக்குள் போக, நமக்கு யார் சிபாரிசும் தேவையில்லை. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், நாலு பேராகப் போங்கள். ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஓய்வூதியம் தருவது தாசில்தார் அலுவலகம். தெரு விளக்கு, சாக்கடை எல்லாம் ஊராட்சி. எம்.எல்.ஏ.,வால் பரிந்துரை செய்யவும், ஏன் தாமதம் என்று கேட்கவும் முடியும். அங்கேயும் நகரவில்லை என்றால், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டம் இருக்கிறது. முக்கியமாக, இன்று ராத்திரியே, “போனில் ஊர்ச் செய்தி ஏதாவது வந்துச்சா?” என்று வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

புது அங்கன்வாடி வாசலில், எம்.எல்.ஏ., பெயர் போட்ட கல்வெட்டு இருக்கிறது. “நடையா நடந்தது நாம, பேரு அவருக்கா?” என்று ஒருத்தி குறைப்பட்டாள். அதற்கு அக்கா சொன்ன பதில்: “கல்லுல அவரு பேரு இருக்கட்டும்டி. உள்ள நம்ம பிள்ளைங்க நனையாம இருக்குல்ல!”

— ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்.