கால்கள் கீறும் வீடு

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் ஒரு முதிய மீனவரிடம் தாளையும் பென்சிலையும் கொடுத்து, போரில் விட்டுப்போன வீட்டைக் கீறச் சொன்னால், "எனக்குப் படம் கீறத் தெரியாது" என்றுதான் தொடங்குவார். பிறகு கை தானாக நகரும். பெரும்பாலும் வீட்டின் முகப்பு வராது. படலை வரும், விறாந்தை வரும், குசினிக்குத் திரும்பும் இடம் வரும், கிணற்றடி வரும். பார்த்த வீட்டை அல்ல, நடந்த வீட்டையே அவர் கீறுகிறார்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் இந்தக் கோடுகளை வைத்தே ஒரு கலைப்படைப்பை உருவாக்கினார். இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் நினைவிலிருந்து கீறிய வீட்டுத் தரைப்படங்கள், அவற்றைக் கட்டடக்கலை முறைப்படி திருத்தி வரைந்த படங்கள், இவற்றோடு அவருடைய சொந்த ஓவியங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து 2011இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன. தலைப்பின் பொருள் 'முற்றுப்பெறாத தோம்பு'. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வைத்திருந்த காணிப் பதிவேடு. அரசு வரிக்காக எழுதிய ஏட்டை, காணியை இழந்தவர்களே நிரப்பியிருக்கிறார்கள்! ஈழத்துக் கலையில் இதற்கு நிகரான துணிச்சலை நான் அதிகம் கண்டதில்லை.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வீடு மனிதருக்குள் எங்கே இருக்கிறது? 1971இல் நரம்பியல் ஆய்வாளர் ஜோன் ஓகீஃப், எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் விசித்திரமான நரம்பணுக்களைக் கண்டார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் ஓர் அணு துடிக்கும். இன்னோர் இடத்தில் இன்னோர் அணு. 2005இல் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதியரின் குழு, அதை ஒட்டிய பகுதியில் நிலத்தையே அறுகோண வலைபோலப் பிரித்துத் துடிக்கும் அணுக்களைக் கண்டது. மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூளையின் இந்த வரைபடம் கண்ணை மட்டும் நம்புவதில்லை. எத்தனை அடி வைத்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று உடல் வைத்திருக்கும் கணக்கும் அதில் சேர்கிறது. விளக்கை அணைத்தாலும் அணுக்கள் பல தம் இடத்தில் துடிக்கும். இருட்டில் கிணற்றடிக்குப் போய்வந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்படி ஊரை உள்ளே சுமப்பதன் உச்சம் ஓவியர் பிராங்கோ மன்யானி. இத்தாலியின் பொந்தீத்தோ என்ற மலைக்கிராமத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்த ஊர் மக்களை ஜேர்மனியர் வெளியேற்றியபோது அவர் சிறுவன். பின்னர் சான்பிரான்சிஸ்கோவில் குடியேறினார். 1960களில் கடுமையாக நோயுற்ற பிறகு ஊர் கனவில் திரும்பத் திரும்ப வந்தது. அதைக் கனவிலிருந்தே வரையத் தொடங்கினார், வேறெதையும் வரைய விரும்பவில்லை. ஊரின் உண்மைப் புகைப்படங்களை அருகில் வைத்து 1988இல் ஒரு கண்காட்சி நடந்தது. கல்லும் படிக்கட்டும் திகைக்கும் அளவுக்குப் பொருந்தின. ஆனால் சில காட்சிகளை எந்த ஒரே இடத்தில் நின்றும் பார்க்க முடியாது. சில பொருட்கள் உள்ளதைவிடப் பெரிதாக, சிறுவனின் அளவுகோலில் இருந்தன. மருத்துவர் ஒலிவர் சாக்ஸ் அவரைப் பற்றி நீண்ட கட்டுரையே எழுதினார்.

நினைவு பெட்டியிலிருந்து எடுக்கும் புகைப்படம் அல்ல. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது. உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இலேயே இதைச் சொல்லிவிட்டார். ஆகவே தரைப்படத்தில் கிணறு வளவைவிடப் பெரிதாக விழுந்தால், அளவுநாடா அதைப் பிழை என்னும். ஓவியருக்கோ அங்கேதான் வேலை தொடங்குகிறது. சனாதனன் மூன்று படங்களையும் சேர்த்தே தந்ததன் நியாயம் இதுவே என்று நினைக்கிறேன்: நேராக்கிய கோட்டுக்கும் நடுங்கிய கோட்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை நாம் பார்க்க வேண்டும்.

மன்னார்த் தீவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1990இல் போருக்குத் தப்பித் தமிழர் பலர் படகேறி இராமேஸ்வரம் போனார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் கடல்வழியே கற்பிட்டிக்குப் போனார்கள். மண்டபம் அகதி முகாமிலும் புத்தளத்திலும் பிறந்த பிள்ளைகள் பெற்றோர் விட்டுவந்த வீடுகளில் நடந்ததே இல்லை. ஆனாலும் தாய் சொல்லக் கேட்டே சிலர் அறைகளைச் சரியாக அடுக்குவார்கள். ஓர் இடத்தின் விவரிப்பை வாசித்தவர்கள், எழுத்தில் நேரடியாகச் சொல்லப்படாத திசைகளையும் ஊகித்துச் சரியாகச் சொல்வதை உளவியலாளர்கள் ஹொலி டெய்லரும் பார்பரா ட்வெர்ஸ்கியும் 1992இல் சோதனையில் காட்டினார்கள்.