பாடாங் செராயில் வராதவர்கள்

2022ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி மலேசியா முழுவதும் பதினைந்தாவது பொதுத்தேர்தல் நடந்துகொண்டிருந்த வேளையில், கெடா மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள பாடாங் செராய் நாடாளுமன்றத் தொகுதியில் வாக்குச்சாவடிகள் திறக்கப்படவில்லை. அத்தொகுதியைத் தக்கவைத்துக்கொள்ள மீண்டும் களத்தில் நின்ற எம். கருப்பையா, வாக்களிப்புக்கு மூன்று நாள் முன்னதாகக் காலமாகிவிட்டதால், தேர்தல் ஆணையம் அங்கே வாக்களிப்பை டிசம்பர் 7ஆம் தேதிக்கு ஒத்திவைத்தது. இடைப்பட்ட நாட்களில், எந்த அணிக்கும் பெரும்பான்மை கிட்டாத நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பேரங்களும் அரண்மனை ஆலோசனைகளும் நடந்து முடிந்து, நவம்பர் 24ஆம் தேதி அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவிப் பிரமாணமும் எடுத்துக்கொண்டுவிட்டார். ஆகவே டிசம்பர் 7ஆம் தேதி புதன்கிழமை காலையில், பாடாங் செராய் வாக்காளர் ஒருவர் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டபோது, நாட்டை ஆளப்போவது யார் என்ற கேள்விக்கு அவர் அளிக்கவிருந்த விடை எவருக்கும் தேவைப்படாததாகிவிட்டிருந்தது.

பலர் புறப்படவேயில்லை. பதிவான வாக்காளர்களில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டினரே வந்தனர். மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) வேட்பாளரோ தாம் விலகிக்கொண்டதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டார். ஆயினும் வாக்குச்சீட்டில் ஏறிவிட்ட பெயரை இறக்க வழியில்லை என்பதால், அதற்கும் வாக்கு விழுந்தது. எதிரணியான பெரிக்காத்தான் நேஷனலின் அஸ்மான் நஸ்ருடின் 16,260 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வராதவர்களின் தொகை அந்த வித்தியாசத்தைவிட மிகப் பெரிது. பக்கத்துச் சுங்கைப் பட்டாணியில் நவம்பரிலேயே அன்வாரின் நம்பிக்கைக் கூட்டணி ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் தப்பிப் பிழைத்திருந்தது. கெடாவின் பதினைந்து தொகுதிகளில் அக்கூட்டணிக்கு மிஞ்சியது அது ஒன்றே.

எழுபது விழுக்காடு என்று கேட்டால் பல நாட்டார் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் 2013இல் எண்பத்து நான்குக்கு மேலும், 2018இல் எண்பத்திரண்டும் கண்டு பழகிய தேசம் இது. 2022இல் நாடு முழுவதற்குமான விகிதமே எழுபத்து நான்கை ஒட்டி இறங்கிவிட்டதைக் கண்டு, ஜனங்களுக்கு ஜனநாயகத்தில் அலுப்புத் தட்டிவிட்டது என்று பத்திரிகைகள் விசனப்பட்டன. அந்த விசனத்தில் பாதி கணக்குப் பிழை. முன்பெல்லாம் இருபத்தொரு வயது நிரம்பியவர் தாமாகத் தபால் நிலையத்துக்கோ தேர்தல் ஆணையத்துக்கோ சென்று பெயரைப் பதிந்துகொண்டால்தான் வாக்காளர் ஆவார். அக்கறையில்லாதவர் பட்டியலிலேயே இல்லை. அவ்வாறு பதியாமலே இருந்தவர்கள் 2018 வாக்கில் ஏறத்தாழ 40 லட்சம் பேர். 2019 ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் 2021 டிசம்பர் 15ஆம் தேதி அமலுக்கு வந்ததும், வாக்குரிமை வயது பதினெட்டாகக் குறைந்து, பதிவும் தானாகவே நடக்கலாயிற்று. பட்டியல் 1 கோடியே 49 லட்சத்திலிருந்து 2 கோடியே 11 லட்சமாகப் பெருகியது. உண்மையில் 2022இல் வாக்களித்தவர்கள் 2018இல் வாக்களித்தவர்களைவிட முப்பது லட்சத்துக்கும் மேல் அதிகம். பட்டியலுக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாமல் இருந்த அலட்சியம், இப்போது பட்டியலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

மற்றப் பாதியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் தோட்டப்புற மக்களுக்கு அரசியல் ஞானம் போதாது, அதனால்தான் வாக்குச்சாவடிக்கு வருவதில்லை என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். கெடாவின் சரித்திரம் அறிந்தவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். வாக்குச்சீட்டு என்பதையே கண்ணால் காணாத காலத்தில், ஜப்பானியர் ஆட்சி ஒழிந்த கையோடு, ஹார்வார்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை என்ற இயக்கம் கிளம்பிக் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1947இன் தொடக்கத்தில் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீசார் பாய்ந்ததில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். பால்மரம் சீவி வயிறு வளர்த்த அந்த மனிதர்களுக்குப் பொதுக்காரியத்தில் உதாசீனம் இருந்ததென்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

வாக்குரிமை அவர்களைத் தாமதமாகத்தான் வந்தடைந்தது. 1955 ஜூலை 27ஆம் தேதி மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்து, அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மானின் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றபோது, வாக்காளர் பட்டியலில் இந்தியர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. சுதந்திரத்துக்குப் பின்னும், பிறப்புப் பத்திரம் இல்லாமலோ, விண்ணப்பத்தை நிரப்பித் தர ஆள் இல்லாமலோ பிரஜா உரிமை பெறாமற்போன தோட்டத்து முதியவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் நீல அட்டையுடன் ஓட்டுப் போட்டுவிட்டு வர, பாட்டி மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து யார் ஜெயிப்பார் என்று விசாரித்துக்கொண்டிருந்த வீடுகள் பாடாங் செராய் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்தே பல உண்டு.

இந்த மண் பழைய கடாரம் என்பதால், தேர்தல் கூட்டங்களில் சோழர் காலத்துக் குடவோலைத் தேர்தலை நினைவுபடுத்தாத பேச்சாளர் அபூர்வம். உத்திரமேரூர்க் கல்வெட்டை அவர்கள் முழுவதும் படித்திருந்தால் சற்றுக் குரலைத் தணித்துக்கொள்வார்கள். குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்குச் சொந்தத்தில் வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேத ஞானமும் வேண்டும். எழுதிய பின் குடத்திலிருந்து ஓலையை எடுப்பது ஒரு சிறுவனின் கை. கம்பெனி நிலத்தில், கம்பெனி லயத்தில் குடியிருந்த நம் பாட்டனார் பெயர் அந்தக் குடத்தின் பக்கமே போயிருக்காது.

நிற்க. தங்கள் வாக்குக்கு விலை உண்டு என்று நம்பிய சமயங்களில் இம்மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு கெடாவின் லூனாஸ் தொகுதியைவிடச் சிறந்த சான்று இல்லை. 2000ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் டாக்டர் ஜோ பெர்னாண்டஸ் புக்கிட் மெர்தாஜாமில் சுட்டுக் கொல்லப்பட்டதால், அம்மாதம் 29ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. அப்போது ஆட்சியிலிருந்த தேசிய முன்னணியின் சார்பில் ம.இ.கா. நின்றது, எதிரணியிலோ புதிதாகப் பிறந்த கெஅடிலான் கட்சியின் சைபுடின் நசுத்தியோன். மந்திரிமார்கள் வந்தார்கள், தார்ச்சாலை வந்தது, தெருவிளக்கு வந்தது. 530 வாக்கு வித்தியாசத்தில் தேசிய முன்னணி தோற்று, கெடா சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பலத்தையும் இழந்தது. ஐந்நூற்று முப்பது பேர் என்றால் ஒரு நடுத்தரத் தோட்டத்தில் காலை ஆஜர் எடுக்கும் பெரட்டுக்கு நின்ற கூட்டத்தைவிட அதிகமில்லை. அப்புறம் 2007 நவம்பர் 25ஆம் தேதி, இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராப் பேரணி. மறு ஆண்டு மார்ச் 8ஆம் தேதிப் பொதுத்தேர்தலில் கெடா அரசே கைமாறியது. 2009 ஏப்ரலில் புக்கிட் செலம்பாவ் இடைத்தேர்தலுக்குப் பதினைந்து வேட்பாளர்கள் கிளம்பினார்கள். சுவரொட்டி ஒட்டப் பால்மரம்கூட மிஞ்சவில்லை என்று அப்போது வேடிக்கையாகச் சொல்வார்கள். கெஅடிலானின் எஸ். மணிகுமார் வென்றார்.

அந்த உற்சாகம் எங்கே போயிற்று? நாட்டின் 222 தொகுதிகளில் ஒன்றில்கூட இந்தியர் பெரும்பான்மையினர் அல்லர். ஆகவே நம் வாக்கின் மகிமை முழுவதும் இருவர் சமபலத்தில் மோதும்போதுதான்; ஒரு பக்கம் பேரலை எழுந்துவிட்டால் அது கரைந்துவிடுகிறது. 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி நடந்த மாநிலத் தேர்தலில் பெரிக்காத்தான் 36 இடங்களில் 33ஐ அள்ளிக்கொண்ட பின், இந்த உண்மையைக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் எந்த லாரி ஓட்டுநரும் உங்களுக்கு விளக்கிச் சொல்வார். இதற்கு அறியாமை என்று பெயரிடுவது அநியாயம். என் அபிப்பிராயத்தில் இது மிகச் சரியாகக் கூட்டிக் கழித்துப் போட்ட கணக்கு. ஆனால் அந்தக் கணக்கை எல்லாரும் ஒரே சமயத்தில் போடும்போது விடை தப்பாகிவிடுகிறது.

வர விரும்பியும் வரமுடியாதவர்களும் உண்டு. அடையாள அட்டையில் உள்ள முகவரியே வாக்களிக்கும் இடத்தைத் தீர்மானிக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டோ, செம்பனைக்கு மாறியோ, வீடமைப்புத் திட்டமாகியோ கலைந்துபோய், குடும்பம் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிதறிப் பல ஆண்டுகள் ஆகியும், அட்டையில் மட்டும் பழைய தோட்டத்தின் பெயர் இருக்கும். அத்தகையவருக்கு ஓட்டு என்பது இருவழி டோல், பெட்ரோல், ஒரு நாள் சம்பளம். பாடாங் செராய் வாக்களிப்போ ஒரு புதன்கிழமை. எல்லை தாண்டிப் பினாங்கு மாநிலத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோருக்கும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டில் நிற்போருக்கும் அது வேலை நாள். வாக்களிக்க நியாயமான நேரம் கொடுக்க வேண்டும், அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று 1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம் சொல்கிறது. ஏஜெண்டு மூலம் வேலைக்குச் சேர்ந்தவர் அந்தச் சட்டத்தை எந்தக் கதவில் போய்த் தட்டுவார்?

வாக்களிப்பு நாளில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குச் சென்று பாருங்கள். வகுப்பறைகள் சாலுரான் என்னும் வரிசைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வயதில் மூத்தவர்கள் முதல் வரிசையில், ஆக இளையவர்கள் கடைசி வரிசையில். முதல் வகுப்பறை வாசலில் விடியற்காலையிலேயே கூட்டம் இருக்கும். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த பாட்டி, இடக்கைச் சுட்டுவிரலில் மை பூசும் இளம் அதிகாரியிடம் மலாயில் ஏதோ சொல்லிச் சிரிப்பார். கடைசி வகுப்பறையில் அதிகாரிகள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். வாக்குகளை அந்தந்த அறையிலேயே எண்ணி, வரிசைவாரியாகப் பாரம் 14இல் எழுதி முகவர்களிடம் கொடுத்துவிடுவதால், எந்த வயதினர் எத்தனை பேர் வந்தார்கள் என்பது அன்றிரவே கட்சிக்காரர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. வராதவர் கோபித்துக்கொண்டு வரவில்லையா, தூங்கிப்போனாரா என்பதைப் பாரம் 14 சொல்லாது. இந்தியாவில் 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் எவருக்கும் இல்லை என்று பதிவுசெய்ய நோட்டா வந்தது. நமக்கு அதுவும் இல்லை. விரக்தியைக் காட்டவென்றே வீட்டில் இருப்பவரிடம் எனக்கு அனுதாபம் உண்டு, ஆனால் அவருடைய மௌனத்தைக் கட்சி அலுவலகத்தில் சம்மதம் என்றுதான் மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள்.

இளைஞர்களைக் குறை சொல்லுமுன் அவர்கள் கேட்பதைக் காதுகொடுத்துக் கேட்பது நலம். அவர்களுடைய முறையீடுகளில் பெரும்பாலானவை வடிகால், குப்பை, தெருவிளக்கு, இடுகாட்டுப் பாதை, கோயில் நிலம் பற்றியவை. நாடாளுமன்ற உறுப்பினரிடம் போனால் இது மாநில விஷயம் என்பார்; சட்டமன்ற உறுப்பினர் நில அலுவலகத்தையோ நகராண்மைக் கழகத்தையோ கைகாட்டுவார். நகராண்மைக் கழக உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. எப்போதுமே இப்படி இருந்ததில்லை. இந்த நாட்டில் மக்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டதே உள்ளாட்சிக்குத்தான், 1951இல், நமக்குப் பக்கத்து ஜார்ஜ் டவுனில். இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலைக் காரணம் காட்டி 1965இல் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தார்கள். மோதல் ஓய்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது.

சுங்கைப் பட்டாணியில் எங்கள் தாமான் குடியிருப்பில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், 2023 தேர்தலுக்கு ஏன் போகவில்லை என்று நான் விசாரித்தபோது, மழைக்கு நிரம்பி வாசல்வரை வந்திருந்த சாக்கடையைக் காட்டி, "யாருக்கு ஓட்டுப் போட்டா இந்த லோங்காங்க அள்ளுவாங்க, அங்கிள்?" என்று கேட்டான். சட்டப்படி அதற்கு விடை, யாருக்குப் போட்டாலும் இல்லை என்பதே. அதை அள்ள வேண்டியவரை அவனுடைய தாத்தா காலத்திலிருந்தே நாம் தேர்ந்தெடுப்பதில்லை.