களை என்று யார் சொன்னது?

ஊரைத் துப்புரவு செய்கிறோம் என்கிறார்கள். நல்லது, செய்யட்டும். சாக்கடையைத் தூர்வாரினால் கைதட்டுவோம். குப்பையை அள்ளினால் பாராட்டுவோம். ஆனால் பல ஊர்களில் நடப்பது என்ன? சாக்கடை இருந்தபடியே இருக்கிறது. வேலியோரத்துத் தும்பையும் எருக்கும் நொச்சியும் வெட்டி எரிக்கப்படுகின்றன! வெட்ட ஆள் வைக்க மனமில்லாத இடத்திலே களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிடுகிறார்கள். கேட்டால், "வெறும் களைதானே?" என்று பதில் வருகிறது.

களை! யார் வைத்த பெயர் இது? விதைத்தவன் இல்லை, விலை இல்லை, ஆகவே மதிப்பும் இல்லை. இதுதானே அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் நியாயம்? உழைப்பவனைப் பார்த்தும் இதே நியாயம் பேசப்பட்டதை நாம் அறிவோம். ஆகவே, விசாரித்த பிறகே தீர்ப்புச் சொல்வோம்.

நம் வீட்டுக் கத்தரிச் செடியையே சாட்சிக்கு அழைப்போம். கத்தரிப் பூவிலே தேன் கிடையாது. மகரந்தம் உண்டு, அதுவும் எளிதில் கொட்டாது. மகரந்தப் பைகளின் நுனியிலே சிறு துளை மட்டுமே உண்டு. கருவண்டு என்று நாம் அழைக்கும் தச்சுத் தேனீ வருகிறது. பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு உடலை அதிர வைக்கிறது. உப்புச் சீசாவைக் குலுக்கியதுபோல மகரந்தம் கொட்டுகிறது! தக்காளிப் பூவுக்கும் இதே வித்தைதான். காற்று அசைத்தாலும் ஓரளவு காய் பிடிக்கும். வண்டு வந்தால் காயும் கூடும், திரட்சியும் கூடும்.

"தேனீப் பெட்டி வைத்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது. பெட்டித் தேனீக்கு இந்த அதிர வைக்கும் வித்தை தெரியாது. அன்றியும், 1991-92 ஆண்டுகளில் தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் ஒன்று தென்னாட்டுக்குள் புகுந்தது. ஏராளமான பெட்டிகள் காலியாயின. ஒரே பூச்சியை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

சரி, தேன் தராத கத்தரிக்கு உழைக்கும் வண்டு, வயிற்றுக்கு என்ன செய்யும்? அங்கேதான் 'களை' வருகிறது! எருக்கும் நொச்சியும் கிலுகிலுப்பையும் அதற்குச் சோறு போடுகின்றன. வேலியிலே உண்டு, தோட்டத்திலே உழைக்கிறது வண்டு. வேலியை எரித்துவிட்டுக் காயை எதிர்பார்ப்பது, கூலியை நிறுத்திவிட்டு வேலையைக் கேட்கும் முதலாளியின் கணக்கல்லவா?

உழைப்பவனுக்கு உணவு மட்டும் போதுமா? குடியிருக்க இடமும் வேண்டும். தச்சுத் தேனீ காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் குடைந்து முட்டையிடுகிறது. அதே வித்தை தெரிந்த நீலப் பட்டைத் தேனீ மண்ணைத் தோண்டிக் கூடு வைக்கிறது. மூலை முடுக்கெல்லாம் சிமெண்டு பூசினால் அது எங்கே போகும்?

"செடி இருந்தால் கொசு பெருகுமே" என்பார்கள். கொசு முட்டையிடுவது தேங்கிய நீரிலே. தும்பைப் பூவிலே அல்ல! நீரை வடித்தால் கொசு ஒழியும். தும்பையை வெட்டினால் பட்டாம்பூச்சிதான் ஒழியும். பார்த்தீனியத்தையும் போற்றுங்கள் என்று நாம் சொல்லவில்லை. தோலுக்கும் மூச்சுக்கும் தொல்லை தரும் அந்த அயல்நாட்டுப் பூண்டை, பூக்கும் முன்பே பிடுங்கி எறியுங்கள். குற்றவாளியைத் தண்டிப்போம், தெருவையே கொளுத்த வேண்டாம்.

தோழர்களே! இதற்குப் பணம் வேண்டியதில்லை. வேலியோரம் இரண்டு முழ அகலத்துக்கு வெட்டாமல் விடுங்கள். காய்ந்த மூங்கில் துண்டு ஒன்றை மழைபடாத இடத்தில் கட்டி வையுங்கள். பூத்திருக்கும் செடிக்குக் காலையிலே மருந்து அடிக்காதீர்கள். வண்டு வேலைக்கு வரும் நேரம் அது. அடுத்த கிராமசபைக் கூட்டத்திலே எழுந்து நின்று கேளுங்கள்: "களைக்கொல்லி வேண்டாம், பூத்து ஓய்ந்த பிறகு ஆள்விட்டு அறுக்கட்டும்" என்று. வண்டும் பிழைக்கும், நாலு பேருக்குக் கூலியும் கிடைக்கும்!