முதல் ஷாட் – 9: வசனம் இல்லாத ஆள்

கோவில்பட்டியிலிருந்து கிளம்பி வந்து, சாலிகிராமத்தில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். "அண்ணே, ஒன்றரை வருஷத்துல மூணு படம். மூணுலயும் ஒரு வரி வசனம் கிடையாது. ஹீரோவுக்குப் பின்னால நிக்கிறேன், அவ்வளவுதான். நடிக்கிறேன்னு ஊர்ல சொல்ல வாய் வரல." அடுத்த வாரம் இன்னொரு படத்தில் பஞ்சாயத்துக் காட்சியாம். அதிலும் கூட்டத்தில் ஒருவர். போகலாமா, வேண்டாமா என்று கேட்கிறார்.

போங்க தம்பி. ஆடிஷனில் எப்படிப் பேசுவது என்று எழுத நினைத்திருந்தேன். அது அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். இந்த வாரம் முழுக்க உங்களுக்குத்தான்.

நான் முதன்முதலில் கேமரா முன்னால் உட்கார்ந்தது ஒரு டீக்கடைக் காட்சியில். பெஞ்சில் நாலு பேர், கடைசி ஆள் நான். கதாநாயகனும் அவருடைய மாமாவும் பேசிக்கொள்வார்கள். நாங்கள் டீ குடிக்க வேண்டும். யாராவது என்னைக் கவனித்துவிட மாட்டார்களா என்ற தவிப்பில், அவர்கள் பேசிய ஒவ்வொரு வரிக்கும் புருவத்தைத் தூக்கினேன், தலையை ஆட்டினேன், உச்சுக்கொட்டினேன். இரண்டாவது டேக் முடிந்ததும் உதவி இயக்குநர் வந்து என்னை எழுப்பிவிட்டு, நின்றுகொண்டிருந்த வேறொருவரை அங்கே உட்காரவைத்தார். அந்த ஆள் பேசுகிறவரைப் பார்த்தார், டீயை ஊதினார், குடித்தார். டேக் ஓகே.

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் செய்த தவறு என்னவென்று விளங்கவே பல வருஷம் ஆயிற்று. அந்தப் பேச்சை நான் கேட்கவே இல்லை, கேட்பதுபோலக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் யார் வீட்டு வம்போ காதில் விழும்போது நாம் புருவத்தையா தூக்குகிறோம்? வாய்க்குப் போய்க்கொண்டிருந்த டம்ளர் பாதி வழியில் ஒரு நொடி நிற்கும். பிறகு, நமக்கென்ன என்பதுபோல் மறுபடி போகும். அந்த ஒரு நொடிதான் நடிப்பு. அதற்கு வசனம் வேண்டியதில்லை. ஆனால், காது உண்மையாகவே அங்கே இருக்க வேண்டும்.

நாகேஷின் ஆரம்பத்தை நினைத்துப் பாருங்கள். தாராபுரத்துக்காரர், ரயில்வேயில் வேலை. அலுவலக நாடகம் ஒன்றில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலிக்காரன் வேடம். சின்ன வேடம், வந்து துடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். அன்றைக்குத் தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர்., மேடையேறிப் பேசும்போது அந்த வயிற்றுவலிக்காரனைப் பாராட்டினார். நாடகத்தில் பெரிய வேடம் போட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! இன்றைக்கு நாம் பேசிக்கொண்டிருப்பது அந்த வயிற்றுவலியைப் பற்றித்தான். அந்த வலிக்குள் ஒரு மனிதன் இருந்திருக்கிறான். இல்லாவிட்டால் கூட்டத்துக்கு நடுவே அவனைத் தேடி ஒருவர் பாராட்டுவாரா?

இனி உங்கள் பஞ்சாயத்துக்கு வருகிறேன். முதலில் மாஸ்டர் ஷாட் எடுப்பார்கள்: ஆலமரம், திண்ணை, கூட்டம் எல்லாம் தெரியும்படி. அடுத்து, ஒருவர் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்து எதிராளியைக் காட்டும் சஜஷன். பிறகு க்ளோஸ்-அப்புகள். திரையில் மூன்று நிமிடம் வருகிற காட்சி, காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் சாயும்வரை போகும். மாஸ்டரில் நாட்டாமை "தள்ளி வைக்கிறோம்" என்று சொன்ன நேரத்தில் நீங்கள் தோளிலிருந்து துண்டை எடுத்திருந்தால், மத்தியானம் மூன்று மணிக்குக் கேமரா உங்கள் பக்கம் திரும்பும்போதும் அதே சொல்லில், அதே கையால் எடுக்க வேண்டும். தவறினால் எடிட்டிங் மேஜையில் இரண்டு ஷாட்டும் ஒட்டாது. அந்த இடத்தில் உங்களை வெட்டிவிடுவார்கள். ஏழு மணிக்கு எடுத்த துண்டை மூன்று மணிக்கும் நினைவில் வைத்திருக்கிற ஆளை உதவி இயக்குநர்கள் மறப்பதே இல்லை. உதவி இயக்குநர்கள் நாளைக்கு இயக்குநர்களாவார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அன்றைக்கு அவர்கள் தேடுவது முதலில் இந்த மாதிரி ஆட்களைத்தான்.

சென்னையில் கூத்துப்பட்டறை என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1977-இல் ந. முத்துசாமி தொடங்கியது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாரும் அங்கே உருவானவர்கள். விஜய் சேதுபதி, துபாயில் பார்த்த கணக்கர் வேலையை விட்டுவிட்டு வந்த பிறகு, அங்கேயும் கணக்கு எழுதத்தான் சேர்ந்தார். கூடவே நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். 'புதுப்பேட்டை' 2006-இல் வந்தது. அதில் அவர் கும்பலில் ஒருவர். 2009-இல் 'வெண்ணிலா கபடிக்குழு'வில் கபடி ஆடுகிறவர்களில் ஒருவர். 'நான் மகான் அல்ல' படத்தில் நண்பர்களில் ஒருவர். 2010 முடியும்போதுதான் 'தென்மேற்குப் பருவக்காற்று' வந்தது. அவரைப்போல எல்லாரும் வந்துவிடலாம் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. பலருக்கு அந்த நாள் வருவதே இல்லை. ஆனால், பின்னால் நின்ற அந்த வருஷங்கள் அவருக்கு வீணாகவில்லை. எதிராளி பேசும்போது அவர் முகத்தைப் பாருங்கள், எங்கே நின்று பழகியது என்று தெரியும்.

பயிற்சி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாய்ப்பு வாங்கித்தருகிறேன், பெயரைப் பதிவு செய்யப் பணம் கட்டு என்று எவர் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். கற்றுக்கொடுக்கிறவருக்குக் கட்டணம் கொடுப்பது நியாயம். நடிக்க வருகிறவன் வேடத்துக்காகக் காசு கொடுக்கிற வழக்கம் எந்த ஒழுங்கான கம்பெனியிலும் கிடையாது. வடபழனியில் ஓர் ஆளிடம் இப்படி ஏழாயிரம் கொடுத்து நான் இழந்தேன். என் அம்மா சீட்டு எடுத்து அனுப்பிய பணம் அது.

வேலை இல்லாத நாள்களில் அறையில் கண்ணாடி முன்னால் நிற்காதீர்கள். கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டுக்கு விடிகாலையில் போங்கள். மூட்டையை இறக்கியதும் ஒருவர் முதலில் முதுகை நிமிர்த்துகிறாரா, வியர்வையைத் துடைக்கிறாரா? பேரம் படியாமல் திரும்புகிற அம்மா எத்தனையாவது அடியில் திரும்பிப் பார்க்கிறார்? ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து அரைமணி நேரம் பாருங்கள். அறைக்கு வந்து அதைச் செய்து பாருங்கள். முதல் நாள் உடம்பு ஒத்துழைக்காது. பத்தாவது நாள் அந்த முதுகுவலி உங்கள் முதுகுக்கே வரும். குரலுக்கு, தினமும் பேப்பரைச் சத்தமாகப் படித்தால் போதும், இப்போதைக்கு.

பஞ்சாயத்துக் காட்சி அன்று, கூட்டத்தில் உட்காருவதற்கு முன்னால், நீங்கள் யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவன் உங்களோடு பள்ளிக்கூடத்தில் படித்தவனா? அவனிடம் நீங்கள் கடன் வாங்கியிருக்கிறீர்களா? அவனை ஊரைவிட்டுத் தள்ளி வைத்தால், நாளைக்கு உங்கள் வயலுக்குத் தண்ணீர் யார் திறந்துவிடுவார்கள்? யாரிடமும் இதைச் சொல்ல வேண்டாம், கேமராவிடமும் சொல்ல வேண்டாம். மனதில் வைத்துக்கொண்டு நாட்டாமை பேசுவதைக் கேளுங்கள், அது போதும்.

ஷூட்டிங் முடிந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள் தம்பி. படம் எப்போது வெளிவரும், நீங்கள் தெரிவீர்களா என்பதெல்லாம் வேண்டாம். அந்தப் பஞ்சாயத்தில் நீங்கள் யார் பக்கம் என்று மட்டும் எழுதுங்கள்.

(தொடரும்)